ஆறாம் பகுதியில் ஓடிய எண்

தொடரில் வருடம் 2093.
கோலாலம்பூருக்குச் செய்தி வாசிப்பவள் ஒரு மெஷின்,
பெயர் நிறைமதி-9.
நடக்காத வெள்ளத்தை அவள் எட்டு மணிக்கு வாசித்துவிட்டால்
எட்டரைக்குள் மாநகராட்சி
குழாயை உடைத்தாவது
ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில்
கணுக்கால் அளவு தண்ணீர் விடும்.
செய்தி பொய்யாகக் கூடாதல்லவா.

நகைச்சுவைத் தொடர்தான்,
எழுதியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.
நான் எழுதவில்லை.
திரைக்குக் கீழே ஓடும் பட்டைக்கு
எழுத்துத் தட்டுபவன்.
பங்சாரில் ஜன்னல் இல்லாத அறை,
பகுதிக்கு நூற்றெண்பது ரிங்கிட்.

ஆறாம் பகுதியில் ஓர் அறிவிப்பு:
உங்கள் துக்கத்தை நிறைமதியிடம் சொல்லுங்கள்,
தரமான துக்கம் ஒளிபரப்பப்படும்.
கீழே ஓர் எண் ஓட வேண்டும்.
விடிகாலை மூன்று மணி.
இல்லாத எண்ணாக இருக்கும் என்று
விரல் போன போக்கில் தட்டினேன்.

இருந்தது.
சிகாம்புட்டில், டயர்க் கடை.
உரிமையாளர் சூசைமாணிக்கம்.

முதல் வாரம் முந்நூறு அழைப்புகளாம்.
"ராங் நம்பர்" என்று கத்தியிருக்கிறார்.
எவ்வளவு தத்ரூபமாகக் கோபப்படுகிறது பாருங்கள்
என்று வியந்து வைத்திருக்கிறார்கள்.
திட்டினார். பதிவுசெய்து பரப்பினார்கள்.
நிலையத்துக்குப் போன் போட்டார்.
ஒரு குரல் அன்பாகச் சொன்னது,
தமிழுக்கு மூன்றை அழுத்தவும்.
அழுத்தினார்.
மலாயில் பேசியது.

மன்னிப்புக் கேட்க என்னை அனுப்பினார்கள்.
இயக்குநருக்கு விருது விழா,
வக்கீலுக்குக் காய்ச்சல்.
கையில் ஒரு பழக்கூடை. சீனப் புத்தாண்டில் மிஞ்சியது,
ஆரஞ்சுகளில் பாதி சுருங்கியிருந்தன.

காற்றடிக்கும் இரைச்சலுக்கு நடுவே
தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு
ஒரு மைவியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
"ஆமாம்மா, மெஷின்தான் பேசுறேன். சொல்லு."
நெடுநேரம் கேட்டார்.
நட்டுகள் ஒவ்வொன்றாய் டப்பாவில் விழுந்தன.
"சாப்ட்டியா?" என்றார் கடைசியில்.
"முதல்ல சாப்பிடு, அப்புறம் அழு.
மெஷின் சொன்னா கேக்கணும்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
"மனுசன்னு சொன்னா வச்சிடுறாங்க தம்பி."

பழைய பில் புத்தகத்தின் பின்பக்கங்களில்
குறித்து வைத்திருந்தார்:
பந்திங் பையன், பரீட்சை பயம், ரெண்டு தடவை.
செராஸ் அம்மா, மகன் சிங்கப்பூரில், பேசுவதில்லை,
அவனுக்கும் இந்த நம்பரை அனுப்பியிருக்கிறார்,
இன்னும் கூப்பிடவில்லை.
பேர் தெரியாதவன், மூச்சு மட்டும், வியாழன்.
"அதான் வியாழக்கிழமை
கடைய லேட்டாத்தான் சாத்துறேன்."

கூடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
டயர் அடுக்கின் மேல் வைத்தேன்.
எண்ணை மாற்றித் தருகிறோம்,
செலவு எங்களுடையது என்றேன்.
துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
கருப்பு இடம் மாறியதே தவிரப் போகவில்லை.
"டயர் யாவாரம் எப்படியும் படுத்துக் கெடக்கு" என்றார்.
அது சம்மதமா மறுப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

பாதிக்கப்பட்டவர் சமாதானமானார்
என்று அறிக்கை கொடுத்தேன்.
படித்த எழுத்தாளர்கள்
டயர்க் கடையை எட்டாம் பகுதியில் சேர்த்தார்கள்.
அதில் கடைக்காரர்
அழுகைக்கு நிமிடக் கணக்கில் காசு வாங்குகிறார்.
சிரிப்பாகத்தான் இருந்தது.
நானும் சிரித்தேன்.
ரேட்டிங் ஏறியது.

நேற்று ராத்திரி
பத்தாம் பகுதியின் பட்டை ஓடி முடிந்து
திரை கருத்தபின்
அந்த எண்ணை அழைத்தேன்.
என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்தேன்.
எடுத்ததும் எல்லாம் போய்விட்டது.

"ஓ. இன்னைக்கு வியாழன்ல" என்றார்.
"சரி, இரு.
ஒரு டயர் பாக்கி இருக்கு."

போனைக் கீழே வைக்கும் சத்தம்.
பிறகு காற்றடிக்கும் இரைச்சல்,
வெகுநேரம்.