அரை மில்லிமீட்டர்

நாமக்கல்லிலிருந்து வந்த கோழி எரு
இரவு மழையில் ஊறி
இரண்டு மடங்கு கனத்துக் கிடந்தது,
கேத்தி பாலாடா வளைவுக்குக் கீழே
லாரிக்காரன் கொட்டிவிட்டுப் போன சரிவில்.

குட்டி டிராக்டரின் வாளியை அதற்குள் நுழைத்தேன்.
ஓட்டுவது நான்தான்.
கிளட்சை மிதித்தால் போஜனுக்கு இடுப்பு பிடிக்கும்.
முழங்கால் உயரம் தூக்கியது.
அப்புறம் நின்றுவிட்டது,
பேசிக்கொண்டிருக்கும்போதே
பெயர் மறந்துபோனவர் மாதிரி.

"சக்தி பத்தலை" என்றார் போஜன்.
இருபத்தேழு தவணை கட்டியாயிற்று,
இன்னும் முப்பத்து மூன்று.
நான் எதுவும் சொல்லவில்லை.

குன்னூரிலிருந்து செபஸ்தி வந்தான்.
பைக்கின் பின்னால் கட்டிய பிஸ்கட் டப்பாவில்
பனியன் துணி சுற்றிய பிரஷர் கேஜ்.
ஹோஸைக் கழற்றி அதை மாட்டி
லீவரை இழுத்துப் பிடிக்கச் சொன்னான்.
முள் நூற்றிருபதில் ஏறி நின்றது.
"புக்குல நூத்தம்பது போட்டிருக்கு."

மீதி முப்பது எங்கே?
ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதாம்.
லேசாக நெருக்கினாலே
எண்ணெய்க்கு வழிவிட்டுவிடுகிறதாம்.
எங்கள் வீட்டில் சீட்டுப் பணம் நிற்பதும் அப்படித்தான்.

ரிலீஃப் வால்வின் மூடியைத் திருகி எடுத்தான்.
என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஸ்பிரிங்.
அதன் அடியில் ஒரு வாஷர்,
அரை மில்லிமீட்டர்.
ரேஷன் கார்டு அதைவிடத் தடிமன்.

நூற்று நாற்பத்தெட்டு.
வாளி இடுப்பு உயரம் வந்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.

போஜன் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.
ஏழெட்டு வாஷர்கள் மினுமினுத்தன.
"இன்னொண்ணு போடு."
செபஸ்தி டீ கிளாஸைக் கல்லின்மேல் வைத்தான்.
"பம்பு தாங்காதுண்ணே. ஹோஸ்ல ஓட்டை விழுந்தா
எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள்ள இறங்கும்,
கையே போயிரும்."
"ஒண்ணே ஒண்ணு."

இந்த ஒண்ணே ஒண்ணை
இருபது வருடமாகக் கேட்கிறேன்.

நூற்று எழுபது.
விசிலுக்கு முந்திய குக்கர் மாதிரி பம்பு சீறியது.
வாளி அசையவில்லை.
என் இருக்கை அசைந்தது.
மெதுவாக, மரியாதையாக,
யாரோ என்னை எழுந்திருக்கச் சொல்வதுபோல.

மேட்டுப் பக்கத்துப் பின்சக்கரம்
தரையை விட்டிருந்தது.
அதற்கும் மண்ணுக்கும் நடுவே
கேத்தி ஸ்டேஷன் முழுசாகத் தெரிந்தது என்று
செபஸ்தி பிற்பாடு சொன்னான்.
நான் பார்க்கவில்லை.
லீவரை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
பட்டென்று விட்டால் வண்டியே துள்ளும்.

சக்கரம் மண்ணைத் தொட்ட பிறகுதான்
எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

"எண்ணெய்க்குப் பலம் இருக்கு,
வண்டிக்குப் பின்னால வெயிட் இல்ல" என்றான்.
"நான் ஏறி நிக்கிறேன்" என்றார் போஜன்,
அறுபத்திரண்டு கிலோ.
செபஸ்தி சிரிக்காமல் இருக்க
தரையைப் பார்த்தான்.

இரண்டாவது வாஷர் வெளியே வந்தது.
நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்தோம்.
பாத்தியில் பொறுக்கிப்போட்ட கற்களும் சிமெண்டும்
வாய்வரை நிரப்பி, மாட்ட ஒரு கம்பி பதித்து,
பின்னால் தொங்கவிடக் காத்திருந்தோம்.
மூடுபனியில் சிமெண்ட் இறுக மறுத்தது.
ஒன்பது நாள்.
ஒன்பது நாளும் எருவின் நாற்றத்துக்கு
பக்கத்துத் தோட்டத்து ருக்கி
என்னைப் பெயர் சொல்லித் திட்டினாள்.

பத்தாம் நாள்
தலைக்கு மேலே தூக்கியது வாளி.
நாற்பத்தோரு நடை. பின்சக்கரம்
பூமியிலேயே இருந்தது.

டிரம்மா, வாஷரா,
இல்லை, ஒன்பது நாளில் நீர் வடிந்து
எருவே பாதி கனமாகிவிட்டதா,
எனக்குத் தெரியாது.
டீக்கடையில் போஜன்
வாஷரைப் பற்றித்தான் சொல்கிறார்.

இரண்டாவது வாஷர்
என் சாவி வளையத்தில் இருக்கிறது.
வண்டி ஸ்டார்ட் ஆகும்போது
சாவியில் தட்டித் தட்டிக் கிணுகிணுக்கும்.