இருநூறு மாப்பிள்ளைகள்

உஸ்மான்பூர் மணல்திட்டு. யமுனை நாறுகிறது.
காலை ஐந்தே முக்காலுக்கு
நானும், பன்னிரண்டடிக் கயிறும்,
அதன் மறுமுனையில் குல்நாரும்.

வெள்ளைக் குதிரை.
பத்து வருடம் ஷாதரா சந்துகளில்
கல்யாண ஊர்வலம் போனவள்.
நெற்றியில் ஜரிகை, முதுகில் ஒரு ஷெர்வானி,
இருபக்கமும் தலையில் விளக்கு சுமந்து வரும் பெண்கள்,
பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர்,
முன்னால் பேண்டு.
இருநூறு மாப்பிள்ளைகளாவது ஏறியிருப்பார்கள்
என்கிறான் இர்ஷாத், அவளை எனக்கு விற்றவன்.
ஒருவனும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை.
மேலே இருப்பவனுக்கு அங்கே வேலையே கிடையாது.
வாளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், விழக் கூடாது.
கயிற்றைப் பிடித்தவன் நடந்தால் நடந்தாள்.
பாட்டு நின்றால் நின்றாள்.

அதனால்தான்
முதல் நாள் நான் ஏறி உட்கார்ந்து
குதிகாலால் விலாவைத் தொட்டபோது
கழுத்தை வளைத்து என் பூட்ஸைப் பார்த்தாள்,
சுமைக்கு வாய் முளைத்த மாதிரி.

இறங்கிவிட்டேன்.

கயிற்றை மெல்ல அசைப்பேன்: பின்னால் போ.
அவள் முன்னால் வந்து
என் தோளில் மூக்கை வைப்பாள்.
அன்பு என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.
அன்பில்லை.
நான் நின்ற இடம் அவளுக்குக்
காலி இடமாகத் தெரிந்திருக்கிறது.

அமைச்சகத்தில் எனக்குக் கீழே ஒன்பது பேர்.
‘விரைவுபடுத்தவும்’ என்று ஓரத்தில் எழுதி எழுதி
அதுதான் என் குரல் என்று நம்பிப்போனவள் நான்.
குதிரைக்கு நினைவூட்டுக் கடிதம் போட முடியாது.
இழுத்தால் அவளும் இழுக்கிறாள்.
நானூறு கிலோ. யார் ஜெயிப்பார்கள்?

இர்ஷாத் பீடியோடு வேலிமேல் உட்கார்ந்து
‘மேடம், போனில் பேண்டு போடுங்கள்,
தானாக நடப்பாள்’ என்றான்.
கோபத்தில் போட்டும் பார்த்தேன். நடந்தாள்.
அணைத்துவிட்டேன்.

பதினோராம் நாள்.
கயிறு அசைந்தது. முதலில் ஒரு காது,
இடது காது மட்டும், என் பக்கம்.
பிறகு உடம்பின் கனம் பின்னங்கால்களுக்குப் போயிற்று.
பிறகு ஒரு குளம்பு, அரைச் சாண், பின்னால்.

அந்த நொடியே கயிற்றைத் தளர்த்தினேன்.
தலையைத் தாழ்த்தினாள்.
வாயில் புல்லே இல்லாமல் மென்றாள்.
கேட்டதைவிட
கேட்டு நிறுத்தியதுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது.
அன்று அலுவலகத்தில் யாருக்கும்
இரண்டாம் தடவை எதையும் சொல்லவில்லை.
(மறுநாள் சொன்னேன். பழக்கம்.)

அவளுக்கு உருது தெரியும்,
பஞ்சாபிப் பாட்டுகள் தெரியும்,
‘நில்’ தெரியாது.
‘நில்’லுக்கு முன்னால் நான் மூச்சை விடுகிறேன் போல,
அதற்கே நின்றுவிடுகிறாள்.
சொல் பின்னால் வந்து சேர்கிறது,
அரசாணை மாதிரி, தாமதமாக.

பிப்ரவரி. ஞாயிறு சாயங்காலம்.
மறுபடி சேணம் போட்டு ஏறினேன்.
இடது தொடையைச் சற்றே அழுத்தினால்
விலா வலப்பக்கம் விலகுகிறது.
நான் எங்கே பார்க்கிறேனோ
அங்கே அவள் தோள் திரும்புகிறது.
நாணல், எருமைகள், ஒரு வெள்ளரித் தோட்டம்,
தூரத்தில் பழைய இரும்புப் பாலத்தில் ரயில்.

அப்போதுதான் சாஸ்திரி பார்க் பக்கமிருந்து
பேண்டு தொடங்கியது.

இரண்டு காதும் அங்கே போயின.
சேணத்துக்கடியில் முதுகு வேறு முதுகாயிற்று.
முன்னங்கால்கள் நின்ற இடத்திலேயே
மாறி மாறி எழுந்தன.
வாரை இறுக்கியிருக்கலாம்,
மூக்கை என் முழங்காலுக்கு இழுத்து
ஒரு வட்டம் சுற்ற வைத்திருக்கலாம்.
தோன்றியது. கை செய்யவில்லை.

ஆடினாள்.
மாலையில்லை, வாளில்லை,
மேலே ஹெல்மெட் போட்ட நாற்பத்தாறு வயதுக்காரி.
என் கல்யாணத்தில் குதிரை இல்லை.
கும்பகோணத்தில், பூ ஒட்டிய வாடகைக் கார்.
என்னிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது பிடித்துக்கொண்டது,
தாரை பிளிற, டிரம் உடைய.
அதன் நட்டநடுவில்
மூச்சை விட்டேன்.

நின்றாள்.

பேண்டு நிற்கவில்லை.
ஒரு காது அங்கே, ஒரு காது இங்கே,
தோல் முழுக்க நடுங்கிக்கொண்டு
நின்றுகொண்டிருக்கிறாள்.

எந்தப் பக்கம் என்று
நான் இன்னும் கேட்கவில்லை.