பக்கத்து வீட்டில் கடன்

விடிய விடிய வரைந்த சார்ட்டில்
நாற்பத்திரண்டு மாம்பழம்.
சுவரில் ஆணி இல்லை.
ஜன்னல் கம்பியில் நூல்போட்டுக் கட்டியதை
கருமாத்தூர்க் காற்று
இரண்டாம் நிமிடமே திருப்பிப் போட்டது.
வெள்ளை முதுகைப் பார்த்து
மூன்றாம் வகுப்பே சிரித்தது.
கடைசி பெஞ்சில் அமலோற்பவம் மேடம்
எதையோ எழுதினார்.

ஆயத்தப்படுத்துதல், ஐந்து மதிப்பெண்.
போனது போகட்டுமென்று
கரும்பலகைக்குத் திரும்பினேன்.
நாற்பத்திரண்டில் பதினேழு.
இரண்டில் ஏழு போகுமா?
"போகாது டீச்சர்."
போகாதென்றால் என்ன செய்வோம்?
எனக்குச் சொல்லித்தந்த அதே ராகத்தில் நானும் இழுத்தேன்:
பக்கத்து வீட்டில் போய்க்
கடன் வாங்குவோம்.

சோனைமுத்து எழுந்தான்.
சட்டையில் இரண்டு பொத்தான், மீதிக்கு ஊக்கு.
"எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கும்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
லித்திகா மட்டும் திரும்பி
விவரம் தெரிந்தவளாய்ச் சொன்னாள்:
"செவ்வாக்கெழம வருவாங்கடா. குழு லோனு."

சாக்பீஸ் கையில் வேர்த்தது.
ஒன்றாம் வகுப்பு தொட்டு எத்தனை ஆயிரம் கணக்கு
பக்கத்து வீட்டில் வாங்கியே கழித்திருக்கிறேன்.
ஒன்றையும் திருப்பித் தந்ததில்லை.
கேட்டவரும் இல்லை.
அம்மாவின் தோடு
செக்கானூரணி அடகுக் கடையில் கிடந்துதான்
இந்தப் படிப்பு.
எனக்கே தோன்றாத கேள்வி.
"அப்புறம் சொல்றேன், உட்காரு" என்றேன்.
மேடம் மறுபடி எழுதினார்.

சாயங்காலம் ஆரப்பாளையம் பஸ் கிளம்பவில்லை.
கண்டக்டர் இறங்கி டீக்கடையில் நின்றார்.
"அண்ணே, பத்துக்கு ஒத்த ரூவா குடு."
ஒரு நோட்டு கல்லாவுக்குப் போனது.
பத்துக் காசு பைக்கு வந்தது.
கடைக்காரர் நோட்டில் எதுவும் எழுதவில்லை.
யாருக்கும் யாரும் பாக்கியில்லை.
இலவச டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி
திறக்கத் தெரியாத பெட்டியைப் பார்ப்பதுபோல்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு வீட்டு விளக்குமாறு பாதியானது.
அம்மா திட்டினாள்.
பத்துப் பத்தாய் ஈர்க்குச்சி,
ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு ரப்பர் பேண்ட்.

திங்கட்கிழமை சார்ட் இல்லை.
நாலு கட்டு, ரெண்டு உதிரி,
தரையில் வட்டமாய் நாங்கள்.
"ஏழு வேணும். ரெண்டுதான் இருக்கு. என்ன செய்யலாம்?"
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
மூடுவதுதான் கஷ்டமாக இருந்தது.
சோனைமுத்து ஒரு கட்டை எடுத்தான்.
ரப்பர் பேண்ட் சுண்டிய சத்தம்.
அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு
குச்சிகளைப் பரப்பினான்.
"கடன் எதுக்கு டீச்சர்? நம்மகிட்டயே இருக்கு.
மாத்தணும், அம்புட்டுதான்."

எல்லோருக்கும் இருபத்தைந்து வந்துவிடவில்லை.
லித்திகாவுக்கு முப்பத்தைந்து.
சிவப்புப் பேனாவை எடுக்கப்போய்
"எப்படி வந்தது, காட்டு" என்றேன்.
மூன்று கட்டைத் தொட்டு எண்ணியவள்
அவன் மணிக்கட்டையும் தொட்டாள்: நாலு.
காலி ரப்பர் பேண்ட்.
அதையும் பத்தென்று நம்பியிருக்கிறாள்.
தப்புக்குள் இத்தனை நியாயம் இருக்குமென்று
எந்தப் பாடக்குறிப்பிலும் நான் எழுதியதில்லை.
மேடத்தின் தாளில் பிறகு பார்த்தேன்:
'கரும்பலகைப் பயன்பாடு இல்லை.'
அதற்குக் கீழே, பென்சிலில்,
'அந்தப் பெண்ணிடம் கேட்டது நன்று.'

செவ்வாய்க்கிழமை
சோனைமுத்து ரெண்டாம் பீரியடுக்குத்தான் வந்தான்.
"வசூலுக்கு வந்துட்டாங்க.
அம்மா இல்லன்னு சொல்லிட்டு
அவங்க போறவரைக்கும் நின்னேன்."
வேறொன்றும் சொல்லவில்லை.
மணிக்கட்டில் அதே ரப்பர் பேண்ட்.
"பெருசா ஒரு கணக்கு குடுங்க டீச்சர்."

முந்நூறில் நூற்றிருபத்தாறு போக.
எழுதிய பின்தான் கவனித்தேன்,
பக்கத்து வீடும் பூஜ்யம்.
அவன் அதை வெகுநேரம் பார்த்தான்.
பிறகு குச்சிப் பையைப் பார்த்தான்.

"பத்தாது டீச்சர்."