அல்லிப்பூ அடையாளம்

இரவு இரண்டே கால்.
பழைய ஜெயில் ரோட்டில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
ஸ்கேன் அறையின் ஈயக் கண்ணாடி மெல்ல அதிரும்.

பெயர்ப் பெட்டியில் இடம் போதவில்லை.
குணபூஷணம், நாற்பத்தாறு, பெண்,
குணபூ என்று வெட்டுப்பட்டு நிற்கிறாள்.

ஆறு மாசம் டிபி மாத்திரை முழுங்கியவள்.
போன செவ்வாய்க்கிழமை இருமலில்
வாய் நிறைய உப்புத் தண்ணீர்,
கூடவே உரித்த திராட்சைத் தோல் மாதிரி ஒன்று.
"எங்க தெரு அடிபம்புத் தண்ணியே அப்டித்தான் சார்.
நெஞ்சுல ஊறிக்கிச்சுன்னு நெனச்சேன்."

மேடை அவளை உள்ளே இழுத்துக்கொள்கிறது.
மூச்சை இழுத்துப் பிடியுங்கள், என்கிறது
பதிவு செய்த குரல். யாருடையதோ.
பதினோரு வருஷமாய்க் கேட்கிறேன்,
ஒருநாளும் அதற்குச் சளி பிடித்ததில்லை.

திரையில் துண்டு துண்டாய் வருகிறாள்.
காறை எலும்பு. மூச்சுக்குழல் பிரியும் இடம்.
பிறகு, வலது நுரையீரலின் அடியில்
காம்பஸ் வைத்து இழுத்த மாதிரி ஒரு வட்டம்.
மேலே காற்று, கீழே நீர்,
நீரின் மேல் கசங்கி மிதக்கும் ஒரு சவ்வு.

அல்லிப்பூ அடையாளம் என்பார்கள் இதை.
நான் அல்லி பார்த்தது ஒரே தடவை,
ரெட்டேரி ஓரம், பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே.
சுட்டியை வைத்து அடர்த்தி பார்த்தேன்: நான்கு.
தண்ணீர்தான்.
அழகாயிருக்கிறது என்று நினைத்துவிட்டு
கண்ணாடிக்கு அப்பால் அவள் பாதங்களைப் பார்த்தேன்.
ரப்பர் பூட்ஸுக்குள் ஊறி ஊறி வெளுத்த குதிகால்.

விடிந்தால் மாணவர்கள் வருவார்கள்,
அந்த அரைகுறைப் பெயரையும் அழித்துவிட்டுப்
படத்தை எடுத்துப் போவார்கள். அபூர்வமான கேஸ்.
ஊசி குத்திப் பார்க்க வேண்டாம் என்று
சீட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

"நான் பாக்கலாமா சார்?"

காட்டக் கூடாது.
காட்டினேன்.

குனிந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள்.
"அட, இதுவா!
ஆட்டுத்தொட்டில இருவது வருசமா குடல் கழுவுறேன்.
கெழட்டு ஆட்டுக்கு ஈரல்ல வரும், நொரையீரல்ல வரும்,
வெள்ளையா, முட்டையாட்டம்.
எவனும் வாங்க மாட்டான். அறுத்து ரூபிக்குப் போட்டுருவேன்.
கேட்டாண்டயே குந்திகினு இருக்கும்.
எங்கைய ஒரு வாட்டி நக்கினாத்தான் அதுக்குத் துன்னவே..."

நின்றது.
கையைத் திருப்பிப் பார்த்தாள்.
உள்ளங்கை. புறங்கை. மறுபடி உள்ளங்கை.
இன்னொரு லாரி. கண்ணாடி.

நான் சொல்ல வேண்டியதில்லாமல் போயிற்று.
எந்தப் பாடமும் படிக்காதவள்
முழு வட்டத்தையும் வரைந்து முடித்திருந்தாள்,
ஆடு, கத்தி, நாய், நாக்கு, கை, வாய்.

"அப்ப ரூபிக்கு?"

அதுக்கு ஒண்ணும் ஆகாது, என்றேன்.
குடலில் புழு சும்மா கிடக்கும்.
மாத்திரை போட்டால் போய்விடும்.

"நெஜமா?"

நிஜமாக.

அப்போது விட்டாள் ஒரு மூச்சு,
இயந்திரம் கேட்டபோது விட்டதைவிட நீளமாய்.
பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு,
வராந்தா முடியும்வரை
புடவையில் கையைத் துடைத்தபடியே போனாள்.