ஆயிரமாவது கோடு

நேற்றிரவு ஒன்பது பத்துக்கு
ஏழாம் எண் இயந்திரத்துக்குப் பக்கத்தில்
ஆயிரம் நிறைந்தது.
யாரும் கைதட்டவில்லை.
உலர்த்தியில் யாருடைய சட்டைப் பொத்தானோ
மோதி மோதி டக் டக் என்றது.
அதையே வைத்துக்கொண்டேன்.

கோல கெட்டிலில் என் டோபிக் கடை.
எட்டு இயந்திரம், ஒரு நீள பெஞ்சு,
சில்லறை மாற்றும் பெட்டி. அது சில நாள்
ஐந்து வெள்ளியைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும்.
ஒரு சலவைக்கு இருபத்தெட்டு நிமிடம்.
சுற்றும் துணியை மனிதர்கள் பார்த்துக்கொண்டிருப்பதை
நான் எத்தனை வருடம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

மகளுக்கு வாங்கிய கதைப் புத்தகத்தைப் பற்றி
ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.
வாலைத் தொலைத்த பல்லி.
படங்கள் அழகு, முடிவு அவசரம்,
பன்னிரண்டு வெள்ளி கொடுக்கலாம்.
கீழே: வாசித்தவர் ஒரு கோடு போடவும்.
நூலில் ஒரு பென்சில்.

முதல் வாரம் மூன்று கோடு.
ஒன்று என்னுடையது.
ஒன்று என் கணவர் குணாளன் படிக்காமல் போட்டது.
பல்லிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்,
குளித்துவிட்டு வருகிறேன் என்றார்.
மூன்றாவது யாருடையதென்று
இன்றுவரை தெரியாது.
அந்த ஆளுக்காகத்தான்
இரண்டாம் பக்கம் எழுதினேன்.

பிறகு வந்தார்கள்.
செம்பனைக் குலை லாரி ஓட்டும் வீரபத்திரன்
கறைச் சட்டையோடு நின்றபடியே படித்து,
எல்லாம் சரி, யானைக்குச் சளி பிடித்ததைத்தான்
நம்ப முடியவில்லை என்றார்.
கிளினிக் தாதி ஜெயரூபி
தன் சீருடை காய்வதற்குள் மூன்று பக்கம் முடிப்பாள்.
ஷஃபிகுல் வங்காளத்து ஆள், தமிழ் தெரியாது.
ஒட்டியிருந்த அட்டைப்படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு
பென்சிலைக் காட்டி, போடலாமா என்று
புருவத்தால் கேட்டான்.
போடு என்றேன். வேறென்ன சொல்ல.

யுகேந்திரன் ஒரே மாலையில் பதினான்கு போட்டான்.
பதின்மூன்றை அழித்தேன்.
அழித்த இடம் சாம்பலாக
இன்னும் அவன் பேரைச் சொல்கிறது.
களவு போன பென்சில்கள் நான்கு.
குலைக் கணக்கு எழுதுகிற மாதிரி
நான்கை நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே கிடத்தி
நோட்டில் ஏற்றிக்கொண்டே வந்தேன்,
மூன்று வருடம்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது
செவ்வாய்க்கிழமை வந்தது.
அப்புறம் வெயில்.
வெயில் அடித்தால் என் கடைக்கு யார் வருவார்?
புதன், வியாழன், வெள்ளி.
ஊரே கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு சிரித்தது.
ஒருமுறை பென்சிலைக் கையில் எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மழை, கொட்டித் தீர்த்தது.
தம்பி நனைத்த கம்பளியை மூட்டையாய்ச் சுமந்துகொண்டு
அம்மாவோடு வந்தாள் மிர்த்திகா, இரண்டாம் ஆண்டு.
பெஞ்சில் ஏறி, விரல் வைத்து,
கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.
நீர்நாய் ஒன்று ஆற்றோடு போகும் கதை.
நான் எழுதியிருந்தேன்:
அமைதியான கதை, ஒன்றும் நடப்பதில்லை.

எக்கி எக்கிப் பென்சிலைப் பிடித்தாள்.
கோடு போடவில்லை.
பெருக்கல் குறி போட்டாள்.
அதற்குக் கீழே, சாய்ந்து விழும் எழுத்தில்:
நடந்தது. 11ஆம் பக்கம் புல்லுக்குள்ளே
அதோட தம்பி இருக்கான்.
படம் போட்டவங்களுக்குத் தெரியும்.
உங்களுக்குத்தான் தெரியல.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.
நான் கம்பளிக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து குணாளனை எழுப்பாமல்
சமையலறை விளக்கில் புத்தகத்தைத் திறந்தேன்.
பதினோராம் பக்கம்.
நாணல், நாணல், நாணல்.
பிறகு ஒரு மூக்கு.
இரண்டு மீசை முடி.
நான் நாலு தடவை புரட்டிய பக்கம்.

பெருக்கல் குறியில் இரண்டு கோடு.
ஆயிரம், ஆயிரத்தொன்று.

காலையில் புதுப் பக்கம் ஒட்டினேன்.
தலைப்பு: திருத்தம்.
பென்சிலுக்கு வேறு நூல் கட்டினேன்,
பெஞ்சில் ஏறாமலே
ஏழு வயசுக்கு எட்டும் நீளத்தில்.