பதிமூன்றாவது கட்டம்

புதுவயல் மில்களில் முதல் நெல் அவிந்து இறங்கும்போது
நான் சைக்கிளை எடுப்பேன்.
தோள்பையில் பிரஷர் மிஷின்.
அதன் பட்டை இப்போது ஒட்டுவதில்லை,
துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வ வைத்திருக்கிறேன்.
சுகர் பார்க்க ஸ்ட்ரிப் இருபத்தைந்து.
மாதத்துக்கு.
பதிவேட்டில் பெயர்கள் நூற்றெழுபது.

யார் விரலைக் குத்துவதென்று
மிதித்துக்கொண்டே தீர்மானிக்கிறேன்.
கால்விரலில் எறும்பு ஊர்கிறது, தட்டினால் எறும்பில்லை என்ற
சவுரியம்மாளுக்கு ஒன்று.
போன மாதம் முந்நூற்றுப் பத்து காட்டிய
நூருன்னிசாவுக்கு ஒன்று.
"எனக்கும் ஒரு குத்து குத்திட்டுப் போத்தா" என்று
விரலை நீட்டும் டீக்கடை அடைக்கலத்துக்கு
அடுத்த வாரம்.
அந்த அடுத்த வாரம் பங்குனியிலிருந்து
வந்துகொண்டே இருக்கிறது.

சேவுகன் மூட்டை தூக்குகிறவர்.
மேலே நூற்றெழுபது, கீழே நூற்றுப்பத்து.
"தலை சுத்தலை, மயக்கமில்லை,
எங்கேயும் நோகலை.
எதுக்கு மாத்திரை?"
நியாயமான கேள்விதான்.
கண்ணால் காணாத ஒன்றை நம்பித்
தினமும் காலையில் நினைக்கச் சொல்கிறேன்.
சாமியைத் தவிர வேறு யாரும்
அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

பதில் தெரியாமல் நின்றேன்.
உமி எரிகிற பாய்லர் பின்னால் முனகியது.
"அண்ணே, அந்த முள் சிவப்புக்கோட்டைத் தாண்டினா
பாய்லருக்கு வலிக்குமா?"
"அதுக்கு ஏது வலி? வெடிக்கும், அவ்வளவுதான்"
என்றவர்
கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு கையை நீட்டினார்.

கொடுக்க மாத்திரை பத்துத்தான் இருந்தது.
லாரி வரவில்லை என்றது ஆரம்ப சுகாதார நிலையம்.
கண்டனூர்க்காரியிடம் இருபது கைமாற்று வாங்கினேன்.
வட்டிக்குப் பேர்போன சீமை,
எங்களுக்குள் மட்டும் வட்டி கிடையாது.

அவர் தூக்குவாளியில் பழையதும்
நார்த்தங்காய் ஊறுகாய் மூன்று துண்டும்.
ஒன்றைக் கேட்டு வாங்கி நானே தின்றுவிடுவேன்.
இப்போது வீட்டிலிருந்தே இரண்டுதான் வருகிறது.
எனக்கென்று தனியாகப் பொட்டலத்தில் ஒன்று.

பதிவேட்டில் பன்னிரண்டு கட்டங்கள்.
பெயர், வயது, அளவு, மாத்திரை,
மேல்சிகிச்சை, இறப்பு
என்று போகும்.
ஆவணியில் ஒரு செவ்வாய் இரவு
சேவுகன் படுத்தார்.
வாய் கோணவில்லை.
வலதுகை பாயில் செத்துக் கிடக்கவில்லை.
சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்கு யாரும் வேன் பிடிக்கவில்லை,
மகள் தோட்டை அடகுவைக்கவில்லை.
புதன்கிழமை எழுந்து, பீடி வேண்டாமென்று நினைத்து,
ஒன்று குடித்துவிட்டு,
மூட்டை தூக்கப் போனார்.

அந்தச் செவ்வாய் எதுவென்று எனக்கும் தெரியாது.
அது ஆவணிதானா என்பதும்.
நடக்காத ஒன்றுக்கு யாரும் வந்து தகவல் சொல்வதில்லை.
ஆகவே ஓரத்தில் பென்சிலால்
பதிமூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன்.
"இது என்னம்மா, கம்ப்யூட்டரில் இதற்கு இடமில்லையே"
என்றார் மேற்பார்வைக்கு வந்தவர்.
தெரியும் சார் என்றேன்.
அழிக்கவில்லை.

சேவுகனுக்கு நேரே ஒரு சின்ன டிக்.
நூருன்னிசாவுக்குப் பாதி டிக், இழுத்து நிறுத்தியது.
அடைக்கலத்துக்கு நேரே
வெறும் காகிதம்.
நேற்று டீ ஆற்றும்போது
டம்ளர் எங்கே என்று கண்ணைச் சுருக்கித் தேடினார்.

ஸ்ட்ரிப் இரண்டு மிச்சம்.
இன்று தேதி பதினொன்று.
கடைவாசலில் சைக்கிளை நிறுத்துகிறேன்.