இடது விளக்கு

கடைசிக் காட்சிக்கு நான்கு நாள் இருக்கையில்
லினெட் ஓல்ட்ராய்டு காரை விற்றுவிட்டாள்.
படத்தில் வருகிற கார். அவளுடைய காரும் அதுதான்.
பழுப்பு நிறம், பின்சீட்டில் ஈர நாயின் வாடை,
இடப்பக்கம் திரும்பப்போவதைச் சொல்லும் விளக்கு
எங்களுக்குத் தெரிந்து ஒருநாளும் எரிந்ததில்லை.
அறுநூற்றைம்பது பவுண்டு.
லேபில் அடகுபோல் கிடந்த எட்டு நெகட்டிவ் டப்பாக்களை
அதைக் கொடுத்துத்தான் மீட்டோம்.

நான் ஒலிப்பதிவாளன்.
பார்த்ததைவிடக் கேட்டதையே நம்புகிறவன்.

விதர்ன்சீ கடலோரம், சனி ஞாயிறு மட்டும்,
பதினான்கு மாதம்.
நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாய்த்
தேய்கிற கரை அது, வெறும் களிமண்.
மார்ச்சில் வேலியோரம் நின்று
க்ளைவ் பெண்டில்பரி ஒரு கேள்வி கேட்டான்.
பதிலைப் படமாக்க டிசம்பரில் போனால்
வேலி கடலுக்குள் போயிருந்தது.
கேமராவை மேலே தூக்கச் சொன்னாள் லினெட்.
அவள் முகமும் வானமும் போதும்.
வானத்துக்கு வாடகை கிடையாது.

சம்பளம், லாபத்தில் பங்கு.
அதைக் கேட்டு லைட்மேன் சிரித்த சிரிப்பு
மூன்றாம் டேப்பில் இன்னும் இருக்கிறது.

வயிற்றைக் கட்டினாள், சரி.
வாயைக் கட்டத்தான் அவளால் முடியவில்லை.
லண்டனில், மானியம் தரும் அலுவலகத்தில்,
இதில் யாருக்கு அக்கறை வரும் என்று கேட்டவரிடம்
"எனக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.
குடை அங்கேயே.
வெளியே நல்ல மழை. திரும்பிப் போகவில்லை.

முதல் படத்துக்கும் இதற்கும் இடையே பதினொரு வருஷம்.
கல்யாண வீடியோக்கள். ஆஸ்பத்திரியில் கை கழுவும் முறை.
முதுகு பிடிக்காமல் பெட்டி தூக்குவது எப்படி:
ஏழு நிமிஷம், நான் பார்த்திருக்கிறேன்.
கிடங்கில் ஒருவன் குனிகிறான்.
குனிவதற்கு முன் ஒரு கணம்
ஜன்னலைப் பார்க்கிறான்.
கம்பெனி கேட்காத அந்தப் பார்வையை
வெட்டாமல் விட்டிருந்தாள்.

கடைசிக் காட்சியில் க்ளைவ் காரில் ஏறிப் போகவேண்டும்.
கார் இல்லை.
"நட" என்றாள்.
நடந்தான். வலது ஷூ மட்டும் கீச்சிட்டது, அதையும் பதிந்தேன்.
பிறகு ஒரு பத்திரிகை எழுதியது,
இயந்திரத்தைத் துறந்து மண்ணுக்குத் திரும்பும் மனிதன் என்று.
அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்,
கரண்ட் பில்லின் மேல், தொகை மறையும்படி.

எல்லாம் முடிந்ததும் நான் அரை நிமிஷம் கேட்பேன்.
அந்த இடத்தின் மௌனத்தைத் தனியே பதிய வேண்டும்.
ஒன்பது பேரும் நின்றார்கள், மூக்கைக்கூட உறிஞ்சாமல்.
மறுநாள் திங்கள். எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது.
இருபதாவது நொடியில் எங்கோ கொஞ்சம் கரை சரிந்தது.
"திரும்ப எடுக்கவா?" என்றேன்.
"எதை?" என்றாள்.

ஹல் நகரில் திரையிட்டோம், தேவாலயக் கூடத்தில்.
இருபத்துமூன்று பேர், ஒன்பது பேர் நாங்களே.
விளக்கு போட்டதும் கடைசி வரிசையில்
மழைக்கோட்டோடு ஒருவர் கை தூக்கினார்.
லினெட் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
பதினொரு வருஷமாய் அவள் பதில்கள் தயாராக இருந்தன.

"என் பெயர் டெனிஸ் ஸ்டோர்.
காரை வாங்கியது நான்தான்.
அந்த இடது விளக்கு
உங்களுக்காவது எப்போதாவது எரிந்ததா?"

அன்றிரவு எங்களை வீட்டில் விட்டவர் அவர்தான்.
பின்சீட்டில் நான், மைக் பெட்டி, அதே நாய் வாடை.
இடப்பக்கத் திருப்பம் வரும்போதெல்லாம்
லினெட் கண்ணாடியை இறக்கி
மழைக்குள் கையை நீட்டினாள்.